மூன்றாம் நம்பர் கூண்டு

'நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.' ஐப்பசி, கார்த்திகை வந்தால் இந்த அறிவிப்பு இல்லாமல் நமக்கு மழைக்காலமே கிடையாது. சின்ன வயதில் ரேடியோவில் இதைக் கேட்கும்போது, பெரிய கிளிக்கூண்டு ஒன்றைக் கம்பத்தில் ஏற்றி, அதற்குள் ஒரு ஆளை உட்கார வைத்து, 'புயல் வருதா பாரு' என்று விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் எப்போது இறங்குவார், சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்ற கவலையெல்லாம் இருந்தது.

விஷயம் அவ்வளவு சுவாரஸ்யமில்லை. உருளையும் கூம்பும் மாதிரி சில உருவங்களைக் கம்பத்தில் தொங்கவிடுவார்கள். ராத்திரியானால் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள். இதில் பதினொன்றுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? 'பத்தைவிடப் பெரிய புயல்' என்று நீங்கள் நினைத்தால் தப்பு. 'வானிலை அலுவலகத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி உங்கள் பாடு' என்று அர்த்தம். இன்னொன்று, இந்தக் கூண்டு உங்களுக்கும் எனக்கும் ஏற்றப்படுவதில்லை. கப்பல்காரர்களுக்கு. நாம்தான் அதைக் கேட்டுவிட்டு ஸ்கூல் லீவா என்று காதைத் தீட்டிக்கொண்டோம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பிறந்த வீடு நாகப்பட்டினமும் இல்லை, சென்னையும் இல்லை. கல்கத்தா. 1864 அக்டோபர் 5-ம் தேதி ஒரு புயல், கடலையே தூக்கிக்கொண்டு ஹூக்ளி ஆற்றுக்குள் வந்தது. செத்தவர்கள் சுமார் 60,000 பேர். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் சங்கிலி அறுந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. அடுத்த வருடம், 1865-ல், அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. பிறகு மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது. 1875-ல் இந்திய வானிலைத் துறையே உருவானதற்கு அந்தப் புயலும் ஒரு காரணம். நமக்குக் கூண்டு கிடைக்க 60,000 பேர் போக வேண்டியிருந்தது.

இந்த ஹூக்ளி முகத்துவாரத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். கப்பல் போக்குவரத்துப் புத்தகம் இல்லை, கதைகள். ஒரே தண்ணீரைப் பற்றி கிப்ளிங், பங்கிம்சந்திரர், தாகூர், அமிதவ் கோஷ் நாலு பேரும் எழுதியிருக்கிறார்கள். வரிசையாகப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஆறும் கடலும் முட்டிக்கொள்கிற இடத்தில் படகு தள்ளாடுகிறது. அப்போது படகில் யார் பேச்சு எடுபடுகிறது? விவரம் தெரிந்தவன் பேச்சா, சத்தமாகப் பேசுகிறவன் பேச்சா?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கங்கையின் மேற்குக் கிளைதான் ஹூக்ளி. கல்கத்தாவிலிருந்து சாண்ட்ஹெட்ஸ் என்கிற கடல்முனை வரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல். உலகத்தில் இவ்வளவு தூரம் ஆற்றுக்குள் போய்ச் சேர வேண்டிய பெரிய துறைமுகங்கள் அதிகமில்லை. வழி முழுக்க மணல்திட்டு. அதுவும் இன்றைக்கு இருக்கிற இடத்தில் நாளைக்கு இருக்காது. கடல் ஏறும்போது சில நாட்களில் ஒரு சுவர் மாதிரி தண்ணீர் ஆற்றை எதிர்த்து ஓடிவரும். வங்காளத்தில் அதற்கு 'பான்' என்று பெயர். தாமோதர், ரூப்நாராயண் என்ற இரண்டு ஆறுகள் வந்து சேர்கிற இடத்துக்கு நடுவே 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்று ஒரு மணல்திட்டு உண்டு. யாரோ தம்பதி என்று நினைக்காதீர்கள். 1694-ல் அங்கே முழுகிப்போன 'ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி' என்கிற கப்பலின் பெயர். அங்கே கப்பலின் அடிப்பாகம் மணலைத் தொட்டால் போதும். ஓடுகிற தண்ணீர் பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்துவிடும், மணல் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு பாய்மரம்கூடத் தெரியாது.

அதனால்தான் ஹூக்ளிக்கு பைலட்டுகள். கப்பல் கேப்டன் ஏழு கடல் சுற்றியவராக இருக்கலாம். சாண்ட்ஹெட்ஸ் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பைலட் ஏறி, வழி சொல்ல ஆரம்பிப்பார். கம்பெனி காலத்திலிருந்து வந்த வழக்கம். ரேடாரும் சாட்டிலைட்டும் வந்த பிறகும் இது மாறவில்லை.

இனி கதைகள். கிப்ளிங்கின் 'ஆன் அன்குவாலிஃபைட் பைலட்' ஒரு சிறுகதை. ஹூக்ளி பைலட் ஒருவரின் மகன் ஜிம். அப்பாவைப் போலப் பைலட் ஆக ஆசை. ஒரு சீனாக்காரப் பாய்மரக் கப்பலை, உரிமம் எதுவும் இல்லாமல், கடல் வரைக்கும் கொண்டுபோகிறான். எப்படி? முன்னால் ஒரு பெரிய கப்பலை அப்பா ஓட்டிக்கொண்டு போகிறார். அவர் திரும்புகிற இடத்தில் இவன் திரும்புகிறான். அவ்வளவுதான் கதை.

கிப்ளிங்கைப் பற்றி நமக்கெல்லாம் ஒரு கசப்பு உண்டு, நியாயமான கசப்பு. வெள்ளைக்காரன் ஆள்வதற்கென்றே பிறந்தவன் என்று நம்பியவர். இந்தக் கதையிலும் நம்ம ஊர் ஆட்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தொழில் கையில் படிவது எப்படி என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. ஆற்றைப் புத்தகத்தில் படிக்க முடியாது, தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும், நேற்றுத் தெரிந்தது இன்றைக்கு உதவாது என்பதை உபதேசம் செய்யாமல் ஒரு பையனின் திமிரை வைத்தே சொல்லிவிடுகிறார். நம்ம ஊரில் கொத்தனார் பிள்ளை சித்தாள் வேலைக்குப் போய், தூக்குக்குண்டைத் தொடுவதற்கே ஆறு மாதம் காத்திருப்பானே, அந்த விஷயம்தான்.

அதே தண்ணீரைப் பங்கிம்சந்திரர் எங்கிருந்து பார்க்கிறார்? பயணி உட்காருகிற பலகையிலிருந்து. 1866-ல் வந்த 'கபாலகுண்டலா' நாவல், கங்காசாகர் போய்விட்டுத் திரும்புகிற யாத்ரீகர்களின் படகில் தொடங்குகிறது. மகர சங்கராந்திக்கு, அதாவது நமக்குப் பொங்கல் சமயத்தில், சாகர் தீவில் முழுக்குப் போடப் போகிற கூட்டம். கடற்கொள்ளையர் பயத்தில் படகுகள் கூட்டமாகப் போகிற காலம். இந்தப் படகு மட்டும் பனிமூட்டத்தில் தனியாகப் பிரிந்துவிட்டது. ஒரு கிழவர், 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று படகுக்காரனைக் குடைகிறார். அவன் தெரியவில்லை என்கிறான். கிழவருக்குக் கோபம். அப்போது கதாநாயகன் நவகுமாரன் படகுக்காரனுக்குப் பரிந்து பேசுகிறான். என்ன சொல்லி? கடவுள் கையில் இருக்கிற விஷயம் பண்டிதனுக்கே தெரியாதபோது இந்த மூடனுக்கு எப்படித் தெரியும் என்று!

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன். பனிமூட்டத்தில் திசை தெரியாதபோது 'தெரியவில்லை' என்று சொல்வது முட்டாள்தனமா? அந்தப் படகில் உண்மை பேசிய ஒரே ஆள் அவன்தான். 'இதோ, அரை மணி நேரம்' என்று அடித்துவிட்டிருந்தால் கிழவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். பங்கிம் அந்தக் கடற்கரைப் பக்கம் டெபுடி மாஜிஸ்திரேட்டாக வேலை பார்த்தவர். இடம் அவருக்கு அத்துபடி. கடல் ஏறுகிற வேகத்தில் படகு கரையிலிருந்து இழுத்துக்கொண்டு போகப்பட, விறகு பொறுக்கப் போன நவகுமாரன் தனியாக நின்றுவிடுகிற காட்சியை அவ்வளவு கச்சிதமாக எழுதியிருக்கிறார். திரும்பிப் போய் அவனைக் கூட்டிவர யாருக்கும் மனசில்லை. புலி அடித்திருக்கும் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். யாருக்குச் சமைக்க விறகு கொண்டுவரப் போனான்? இவர்களுக்குத்தான். மனிதர்களைப் பற்றி இவ்வளவு தெரிந்த பங்கிமுக்கு, படகுக்காரன் மட்டும் துடுப்போடு சேர்ந்த ஒரு சாமானாகத்தான் தெரிகிறான்.

தாகூரிடம் வருவோம். 'தேவதார் கிராஸ்' என்று ஒரு கதைப்பாட்டு. 'தெய்வம் விழுங்கிய கவளம்' என்று வைத்துக்கொள்ளலாம். இதுவும் கங்காசாகர் யாத்திரைதான். ஊர்ப் பெரிய மனுஷரான மைத்ரா என்ற பிராமணர் படகு பிடித்து ஆட்களைக் கூட்டிப் போகிறார். மோட்சதா என்கிற இளம் விதவை கெஞ்சி இடம் வாங்குகிறாள். அவளுடைய பையன் ராக்கால். அவனை வளர்ப்பது அம்மாவுடன் பிறந்தவளான மாசி. பையனை மாசியிடம் விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால், அவன் முன்னாலேயே படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இறங்க மாட்டேன் என்று ஒரே அடம். கோபத்தில் அம்மா ஒரு வார்த்தையை விட்டுவிடுகிறாள். 'வா, உன்னைக் கடலுக்கே கொடுத்துவிட்டு வருகிறேன்' என்கிற மாதிரி. நம் வீடுகளில் 'உன்னைப் பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்' என்று சொல்வதில்லையா, அதே எடை. சொன்ன மறுகணமே அவளுக்கு நெஞ்சு பதறுகிறது.

திரும்பி வரும்போது புயல். படகுக்காரன் சொல்கிறான், உங்களில் யாரோ சாமிக்கு நேர்ந்ததைக் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டீர்கள் என்று. ஆளுக்காள் கையில் இருந்த காசு, துணி எல்லாவற்றையும் தண்ணீரில் போடுகிறார்கள். புயல் நிற்கவில்லை. அப்போது மைத்ராவுக்கு ஞாபகம் வருகிறது. 'இதோ, இவள்தான். பிள்ளையைத் தெய்வத்துக்குக் கொடுத்தவள், இப்போது திருடிக்கொண்டு போகிறாள்' என்று மோட்சதாவைக் காட்டுகிறார். அப்புறம் நடப்பதை நான் சொல்லப் போவதில்லை என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். ஆனால் சொல்லியாக வேண்டும். பையனைப் பிடுங்கித் தண்ணீரில் போடுகிறார்கள். விழும்போது அவன் கூப்பிடுவது அம்மாவை இல்லை, மாசியை. அந்தக் குரல் மைத்ராவின் காதில் விழுகிறது. 'கூட்டி வருகிறேன்' என்று அவரும் குதிக்கிறார். இரண்டு பேரும் வரவில்லை.

இதைத் தாகூர் பெரும்பாலும் மூடநம்பிக்கைக்கு எதிராக எழுதினார் என்று சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்தினால் பாட்டின் பாதி கையைவிட்டுப் போய்விடும். படகில் காசு போடும்போது யாரும் 'என் காசு வேண்டாம்' என்று சொல்லவில்லை. எல்லோரும் கொடுத்தார்கள். ஆனால் ஆள் ஒன்று கொடுக்க வேண்டும் என்று வந்தபோது, கை நீண்டது எங்கே? ஆண் துணையில்லாத, கெஞ்சி இடம் வாங்கிய, சண்டை போட ஆளில்லாத ஒருத்தியின் பக்கம். புயல் குருட்டுத்தனமானது, யாரென்று பார்க்காது. படகுக்குள் இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள். எடை குறைக்க வேண்டுமென்றால் எந்த மூட்டையைத் தூக்கிப் போட்டால் கேள்வி வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு ஒரு குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். தாகூரும் படகுக்காரனைச் சாமியாடி மாதிரி ஆக்கிவிடுகிறார். பிழைப்பே அந்தத் தண்ணீரில் இருக்கிற ஒருவன், புயலில் முதலில் பாயை இறக்குவானா, நேர்த்திக்கடன் கேட்பானா? இரண்டும் செய்வான் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வேலையைக் கவிஞர் கவனிக்கவில்லை. கிப்ளிங் அதைக் கவனித்திருப்பார். அவர் மோட்சதாவைக் கவனித்திருக்க மாட்டார்.

தாகூரின் படகில் தெரியாதவர்கள் பேச்சு எடுபட்டது. நேர் எதிராக ஒரு நிஜக் கதை, அதே வங்காளக் கரையில், ஹூக்ளிக்குக் கொஞ்சம் கிழக்கே. ஹென்றி பிடிங்டன் என்று ஒருவர், கல்கத்தாவில் கடல் விபத்துகளை விசாரிக்கிற உத்தியோகம். விபத்துக்கு ஆளான கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு காற்றின் திசைகளைக் கோடு போட்டுப் பார்த்தார். காற்று வட்டமாகச் சுழல்வது தெரிந்தது. பாம்புச் சுருளைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரு பெயர் வைத்தார். சைக்ளோன்! 1848-ல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேட்டில் வந்தது. இன்றைக்கு டி.வி.யில் நொடிக்கொரு தரம் வருகிற வார்த்தை.

அந்தச் சமயம் ஹூக்ளி தூர்ந்துகொண்டே வருகிறது, பேசாமல் மாத்லா ஆற்றின் மேல் ஒரு புதுத் துறைமுகம் கட்டிவிடலாம் என்று அரசாங்கம் யோசித்தது. பிடிங்டன் 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். வேண்டாம், ஒரு நாள் புயலலை வரும், எல்லாவற்றையும் கொண்டுபோகும் என்று. கேட்பார் இல்லை. 1858-ல் பிடிங்டன் இறந்துபோனார். துறைமுகம் எழுந்தது, போர்ட் கேனிங் என்று பெயர், ரயில்கூட வந்தது. 1867-ல் புயல். அதுவும் பிரமாதமான புயல் இல்லை. ஆளுயரத்தைக் கொஞ்சம் தாண்டிய அலை, அவ்வளவுதான். போதுமானதாக இருந்தது. சில வருடங்களில் துறைமுகத்தைக் கைகழுவினார்கள். ஹூக்ளியும் தூர்வதை நிறுத்தவில்லை. மண்ணை அடித்துப் போகட்டும் என்று 1975-ல் ஃபராக்கா அணையிலிருந்து கங்கைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். 1977-ல் கடலுக்குப் பக்கத்தில் ஹல்தியா துறைமுகம் வந்தது. தூர்வாரும் செலவு மட்டும் இன்றும் தீரவில்லை.

பிடிங்டன் கதையை நமக்கெல்லாம் மறுபடி ஞாபகப்படுத்தியவர் அமிதவ் கோஷ். 2004-ல் வந்த 'தி ஹங்ரி டைட்' நாவலில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நிர்மல் இதைப் பாட்டி கதை மாதிரி சொல்வார். ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் மண் ஒட்டிய நாவல் அது. அமெரிக்காவிலிருந்து டால்ஃபின் ஆராய்ச்சிக்கு வருகிற பியாவுக்கு வங்காளம் தெரியாது. ஃபோகிர் என்கிற மீனவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த ஓடையில், கடல் எவ்வளவு வற்றும்போது, டால்ஃபின் எங்கே ஒதுங்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் சேர்ந்து வேலை செய்கிற அத்தியாயங்கள் அபாரம். பைலட் வேலை என்பது வெள்ளைச் சட்டைக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று கிப்ளிங்குக்கு நூறு வருடம் கழித்து வந்த பதில்.

கடைசியில் புயல் வருகிறது. ஃபோகிர் சாகிறான், பியாவைத் தன் உடம்பால் மறைத்தபடி. அவன் போன வழியெல்லாம் பியாவின் ஜி.பி.எஸ். கருவியில் பதிவாகியிருக்கிறது. அதை வைத்து அவள் ஆராய்ச்சியைத் தொடரப் போகிறாள். முதல் தடவை படித்தபோது என் கண் கலங்கியது. இரண்டாம் தடவை கொஞ்சம் உறுத்தியது. மனுஷன் போய்விட்டான், அவன் அறிவு மட்டும் மெஷினில் பத்திரமாக இருக்கிறது. இது அஞ்சலியா, கணக்குத் தீர்ப்பதா? கோஷுக்கும் அந்த உறுத்தல் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஃபோகிரை ஒரு பக்கமாவது பேசவிட்டிருக்கலாம். அவனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவன் மட்டும் பாட்டுப் பாடுகிறான்.

2008-ல் வந்த 'சீ ஆஃப் பாப்பீஸ்' நாவலில் கோஷ் திரும்பவும் ஹூக்ளிக்கு வந்தார். அதில் டவுட்டி என்ற முன்னாள் பைலட் வருகிறார். வயிறு முட்டச் சாப்பாடும் வாய் நிறைய இந்துஸ்தானி கலந்த இங்கிலீஷுமாக ஒரே சிரிப்பு. ஆனால் கப்பலை நிஜமாகத் தாங்குகிறவர்கள் ஸெராங் அலியும் அவருடைய லஸ்கர்களும். அபினும் கூலிகளும் ஏறிய கப்பல்களுக்குக் கயிறு இழுத்த கைகளை ஒரு நாவலின் நடுக்கூடத்தில் உட்காரவைத்தார் என்பதற்காகவே கோஷுக்கு ஒரு பெரிய சலாம். டவுட்டியை வெறும் கோமாளியாக்கியது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜேம்ஸ் அண்ட் மேரியைத் தாண்டிக் கப்பலைக் கொண்டுவருகிறவன் கோமாளியாக மட்டும் இருக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கம் ஒரு லாஞ்சில் போனேன். கடல் வற்றிப்போய், அது ஏறும்வரை மூன்று மணி நேரம் சேற்றுக்கரையில் காத்திருந்தோம். ஏறிய பிறகு பார்த்தால் உட்கார இடமில்லை. லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நைலான் கயிறு போட்டு, கூரைக்கடியில் கட்டிவைத்திருந்தார்கள், தூசி படாமல். முன்முனையில் ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், மூங்கில் கழியால் ஆழம் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தான். அவன் சத்தம் போட்டால் லாஞ்ச் திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னிடம், "பயப்படாதீங்க, கபில முனி பார்த்துப்பார்" என்றார் இந்தியில். நான் கழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடலில் இன்றைக்கும் விபத்துக்குப் பஞ்சமில்லை. 2018 ஜூனில் 'எஸ்.எஸ்.எல். கொல்கத்தா' என்ற சரக்குப் பெட்டகக் கப்பல் சாண்ட்ஹெட்ஸ் பக்கம் தீப்பிடித்தது. கடலோரக் காவல்படை 22 மாலுமிகளையும் காப்பாற்றியது. பெரிய கப்பலுக்கு ரேடியோ இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. காக்த்வீப்பிலிருந்து ஹில்ஸா மீனுக்குப் போகிற சின்ன டிராலர்களின் கதை வேறு. நமக்கும் அது தெரியும். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி 'புயல்' என்று அறிவிக்கப்பட்டபோது கன்னியாகுமரி மீனவர்கள் எத்தனையோ பேர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் கூண்டு ஏற்றினால் அங்கிருந்து தெரியுமா? எங்கே தேட வேண்டும், காற்று எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று அந்தக் கிராமத்து ஆட்கள் கரையில் நின்று சொன்னார்கள். 'எங்களையும் ஏற்றிக்கொண்டு போய்த் தேடுங்கள்' என்றும் கேட்டார்கள்.

'கபாலகுண்டலா' கிடைத்தால் முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களை மட்டுமாவது படித்துப் பாருங்கள். படிக்கும்போது கிழவரையும் நவகுமாரனையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, 'தெரியவில்லை' என்று சொன்ன அந்தப் படகுக்காரன் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவனுக்குப் பெயர் வைக்காமலே பங்கிம் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்.